சிறிய டிராக்டருக்குப் பழைய ஃபோர்க்லிஃப்ட் ஃபோர்க்: மலைத் தோட்டத்துக்கான முழுமையான வழிகாட்டி

கேரட் கிரேட், உர மூட்டை, எரு, கட்டுக்கல் எதுவானாலும் ஒரு பேலட்டில் (சரக்கு அடுக்கும் தட்டு) அடுக்கி டிராக்டரின் பின்னால் தூக்கிக்கொண்டு போகலாம். கிடங்குகளில் கழித்துப்போட்ட ஃபோர்க்லிஃப்ட் ஃபோர்க்குகள், அதாவது சுமைதூக்கி வண்டியின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் L வடிவ இரும்புக் கைகள், இதற்கு நன்றாகவே உதவும். ஆனால் நீலகிரியில் கேத்தி, நஞ்சநாடு, கோத்தகிரிப் பக்கம் இதைக் கேட்டு வருகிறவர்களில் பலர் ஃபோர்க்கை முதலில் வாங்கிவிட்டு அப்புறம்தான் டிராக்டரை அளக்கிறார்கள். ஃபோர்க் இரண்டு டன் தாங்கும். 25 குதிரைத்திறன் டிராக்டரின் முன்சக்கரமோ அதில் கால்வாசி எடைக்கே தரையை விட்டு எழும்பிவிடும். அதனால் டிராக்டரிலிருந்தே தொடங்குவோம்.

இங்கே சொல்வதெல்லாம் ஃபோர்க்குகளைத் தாங்க ஓர் இரும்புச் சட்டம் செய்து, அதை டிராக்டரின் பின்னால் இருக்கும் மூன்று புள்ளி இணைப்பில், அதாவது இரண்டு லோயர் லிங்க் (கீழ்க் கைகள்), ஒரு டாப் லிங்க்கில் (மேல் கை) மாட்டுவதற்கு. முன்பக்க லோடருக்கு இந்த அளவுகள் பொருந்தாது.

1. டிராக்டரை அளந்து எழுதுங்கள்

ஒரு நோட்டில் ஐந்து அளவுகள் வேண்டும். லோயர் லிங்க் பந்தின் (கையின் நுனியில் உள்ள துளையிட்ட உருண்டை) துளை, இரண்டு பந்துகளுக்கும் இடைவெளி, டாப் லிங்க் பின்னின் (மாட்டும் இரும்பு ஊசி) தடிமன், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம், பின் அச்சிலிருந்து லோயர் லிங்க் பந்து வரை உள்ள தூரம்.

மூன்று புள்ளி இணைப்பின் அளவு வகைகளில் கேட்டகிரி 1 என்றால் கீழ்ப் பின் 22 மில்லிமீட்டர், மேல் பின் 19 மில்லிமீட்டர், கீழே இரண்டு புள்ளிகளுக்கு இடைவெளி ஏறக்குறைய 683 மில்லிமீட்டர். குறுகலான டிராக்டர்களில் பின் அதே 22 ஆக இருக்கும், இடைவெளி மட்டும் 400 ஆகிவிடும். பின் பொருந்துகிறதே என்று 683-க்குச் சட்டம் செய்தால், லிங்க்கைக் கடப்பாரை போட்டு விரித்துத்தான் மாட்ட வேண்டியிருக்கும்.

அடுத்தது முன்பக்க எடை. பக்கத்தில் எடை மேடை எது இருக்கிறதோ அங்கே போய், ஓட்டுநர் உட்கார்ந்த நிலையில் முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றிப் பார்க்க வேண்டும். அப்புறம் முழு டிராக்டரையும் ஏற்ற வேண்டும். பலர் தாண்டிப் போகும் வேலை இது. அடுத்த படியின் கணக்கு முழுக்க இந்த இரண்டு எண்களில்தான் நிற்கிறது.

கடைசியாக ஒன்று. லிஃப்டை முழுக்க இறக்கிவிட்டு, லோயர் லிங்க் பந்து தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, முழுக்கத் தூக்கினால் எவ்வளவு உயரம் போகிறது என்று அளந்துகொள்ளுங்கள். சட்டத்தில் பின் வரும் உயரத்தை இதுதான் தீர்மானிக்கும்.

2. எவ்வளவு தூக்கலாம் என்ற கணக்கு

சிறிய டிராக்டர்கள் பலவற்றின் புத்தகத்தில் தூக்கும் திறன் 750 கிலோ என்று போட்டிருக்கும். அது லிங்க் பந்தின் நுனியில் தூக்கும் திறன். பேலட்டின் நடுப்பகுதியோ பந்துக்கு அரை மீட்டருக்கும் பின்னால் இருக்கிறது. ஹைட்ராலிக் தூக்கிவிடும்தான், ஆனால் பின் அச்சை மையமாக வைத்து டிராக்டர் மல்லாக்கப் பார்க்கும்.

உதாரணமாக ஒரு டிராக்டர், ஓட்டுநரோடு சேர்த்து 1000 கிலோ. முன் அச்சில் 400 கிலோ. அச்சுகளுக்கு இடையில் 1.5 மீட்டர். சட்டமும் இரண்டு ஃபோர்க்குகளும் சேர்ந்து 150 கிலோ, அந்த எடை பின் அச்சிலிருந்து 1 மீட்டர் பின்னால் விழுகிறது. பாரத்தின் நடு 1.35 மீட்டர் பின்னால்.

300 கிலோ ஏற்றினால்: 300 × 1.35 = 405. சட்டத்துக்கு 150 × 1 = 150. மொத்தம் 555. இதை 1.5-ஆல் வகுத்தால் 370. முன் அச்சிலிருந்து 370 கிலோ போய்விட்டது, மிச்சம் 30 கிலோதான். ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி நேராகத்தான் போகும்.

200 கிலோ ஏற்றினால்: 270 + 150 = 420. 1.5-ஆல் வகுத்தால் 280. மிச்சம் 120 கிலோ.

டிராக்டர் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்சக்கரத்தில் இருந்தால்தான் ஸ்டீயரிங் பேசும். இங்கே அது 200 கிலோ. ஆக, 200 கிலோ பாரத்துக்கே இன்னும் 80 கிலோ குறைகிறது. முன் அச்சுக்கு அரை மீட்டர் முன்னால் பம்பரில் 60 கிலோ இரும்பு மாட்டினால் சரியாகிவிடும், ஏனென்றால் 60 × 2.0 ÷ 1.5 = 80. நிறுவனம் தரும் முன்பக்க எடைக் கட்டிகளையே வாங்குங்கள். மணல் மூட்டையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் மேட்டிலும் பள்ளத்திலும் ஆடும், ஒருநாள் கயிறு அறுந்து சக்கரத்துக்குள் போகும்.

உங்கள் டிராக்டரின் எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்து, வரும் எடையைச் சட்டத்தில் பெயிண்டில் எழுதிவிடுங்கள். வேலைக்கு வருகிற ஆளுக்கு உங்கள் நோட்டு தெரியாது.

3. ஃபோர்க் வாங்கும்போது

நீலகிரிக்காரர்களுக்குக் கோயம்புத்தூர் உக்கடம் பழைய இரும்புக் கடைகள்தான் வசதி. கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் திண்டுக்கல், மதுரைக்கு இறங்கலாம். “அண்ணே, ரெண்டு டன் தாங்கும்ணே, கண்ணை மூடிட்டு வாங்குங்க” என்பார்கள். கண்ணைத் திறந்தே வாங்குங்கள்.

நிமிர்ந்த பகுதியின் பக்கவாட்டில் 1250 × 500 என்பது போல் அடித்திருக்கும். நிமிர்ந்த பகுதியின் முகத்திலிருந்து 500 மில்லிமீட்டர் தூரத்தில் ஒரு ஃபோர்க் 1250 கிலோ தாங்கும் என்று அர்த்தம். இரண்டிலும் ஒரே எண் இருக்க வேண்டும். எண்ணே இல்லாததும், தேய்த்து அழித்ததும் வேண்டாம்.

ஃபோர்க்குகளில் மாட்டும் அளவைப் பொறுத்துக் கிளாஸ் என்ற வகைகள் உண்டு. சிறிய டிராக்டருக்குக் கிளாஸ் 2 போதும். இது மாட்டும் கேரேஜின், அதாவது ஃபோர்க்லிஃப்டில் ஃபோர்க் தொங்கும் இரும்புப் பட்டைகள் கொண்ட பகுதியின், உயரம், மேல் பட்டையின் உச்சியிலிருந்து கீழ்ப் பட்டையின் அடி வரை, 407 மில்லிமீட்டர். கிளாஸ் 3-க்கு 508. பெரியது வலுவானதுதானே என்று கிளாஸ் 3 வாங்கினால், கூடுகிற ஒவ்வொரு கிலோவும் நீங்கள் ஏற்றக்கூடிய பாரத்தில் குறையும். 100 மில்லிமீட்டர் அகலம், 35 அல்லது 40 தடிமன், 1070 நீளம் உள்ள ஃபோர்க் ஒன்றே 40 கிலோவுக்கு மேல் வரும். 920 நீளம் கிடைத்தால் இன்னும் நல்லது. நீளமானதை வாங்கிக் கேஸ் கட்டரில் நுனியை வெட்டாதீர்கள். அந்த இரும்பு சூடேற்றிப் பதப்படுத்தியது, சுடர் பட்ட இடத்தில் பதம் போய்விடும்.

ஃபோர்க்கோடு கேரேஜின் மேல், கீழ்ப் பட்டைகளையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். பலருக்கு இது தோன்றுவதே இல்லை. ஃபோர்க்கின் கொக்கிக்கு ஏற்ற சரிவும் பூட்டுப் பள்ளங்களும் அந்தப் பட்டையில் ஏற்கெனவே கடைந்திருக்கும். சாதாரணப் பட்டியில் அதைக் கொண்டுவர மில்லிங் கூலி கொடுக்க வேண்டும். அப்படியும் கொக்கி லொடலொடவென்று ஆடும்.

4. விரிசலும் தேய்மானமும்

வாங்கும் இடத்திலேயே வெர்னியர், மூலைமட்டம், கம்பி பிரஷ் மூன்றும் கையில் இருக்கட்டும்.

நிமிர்ந்த பகுதியின் தடிமனை அளந்துகொள்ளுங்கள். அது உரசாத இடம், அதனால் பழைய அளவிலேயே இருக்கும். அப்புறம் வளைவை ஒட்டிய கிடைப் பகுதியை அளக்க வேண்டும். பத்து சதவீதத்துக்கு மேல் தேய்ந்திருந்தால் தள்ளிவிடுங்கள். 40 இருந்த இடம் 36-க்குக் கீழே போனால் அது இரும்பு விலைக்குத்தான் ஆகும். ஃபோர்க்லிஃப்ட் தொழிலில் ஐஎஸ்ஓ 5057 என்ற சர்வதேசத் தரம் சொல்லும் வரம்பும் இதுதான். பத்து சதவீதம் தேய்ந்தால் வலு பத்து சதவீதம்தான் குறையும் என்று நினைக்க வேண்டாம். வளையும் வலு தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது, கிட்டத்தட்ட இருபது சதவீதம் போய்விடும்.

மூலைமட்டம் வைத்தால் 90 டிகிரி காட்ட வேண்டும். 93-ஐத் தாண்டினால் வேண்டாம். இரண்டையும் ஒரே பட்டையில் மாட்டி நுனிகளின் உயரத்தை ஒப்பிடுங்கள். கிடைப் பகுதி நீளத்தில் மூன்று சதவீதம் வரை, 1070-க்கு 32 மில்லிமீட்டர் வரை, வித்தியாசம் இருக்கலாம் என்பது வரம்பு. பேலட் ஆடாமல் உட்கார 10-க்குள் இருக்கும் ஜோடியே மேல்.

விரிசல் இரண்டு இடங்களில் வரும்: வளைவின் உள்பக்கம், கொக்கி வெல்டிங்கின் ஓரம். பெயிண்டையும் துருவையும் பிரஷால் நீக்கிவிட்டு, சிவப்புச் சாயம் அடித்து, துடைத்து, வெள்ளைப் பவுடர் அடிக்கும் மூன்று டப்பா செட்டைப் பயன்படுத்துங்கள். விரிசல் இருந்தால் வெள்ளையில் மயிரிழைபோலச் சிவப்புக் கோடு கசியும். செட் இல்லையென்றால் மண்ணெண்ணெய் தடவி அரை மணி நேரம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூள் பூசலாம். பெரிய விரிசல் அதிலேயே ஈரக்கோடாகத் தெரியும்.

விரிசல் கண்ட ஃபோர்க்கை வெல்டிங் வைத்து “சரி” செய்யக் கூடாது. வளைவில் வைக்கிற வெல்டிங் அடுத்த விரிசலுக்கு இடம் பார்த்துக் கொடுக்கிறது. அதே காரணத்துக்காக ஃபோர்க்கில் துளை போடுவதும், எதையும் ஒட்டுவதும் வேண்டாம். செய்கிற வேலை எல்லாம் சட்டத்தில்தான்.

5. சட்டம்

கேரேஜ் பட்டைகளை 750 மில்லிமீட்டர் அளவுக்கு வெட்டுங்கள். பூட்டுப் பள்ளங்கள் இரு பக்கமும் சமமாக வருமாறும், கீழ்ப் பட்டையின் நடுவில் ஃபோர்க்கைக் கழற்ற விட்டிருக்கும் வெட்டு அப்படியே இருக்குமாறும் பார்த்து வெட்ட வேண்டும். அந்த வெட்டு இல்லாத துண்டு வந்துவிட்டால் ஃபோர்க்கை ஓரம் வழியாகத்தான் உருவ முடியும், ஓரத்தில் தடுப்புக்கட்டை வைக்க முடியாது. தடுப்பு இல்லாத பட்டையிலிருந்து ஃபோர்க் நழுவி விழும். 40 கிலோ இரும்பு காலில் விழுந்தால் பூட்ஸ் காப்பாற்றாது.

இரண்டு பட்டைகளையும் 75 மில்லிமீட்டர் சேனல் இரண்டு, நெடுக்காக நின்று இணைக்கும். சேனலின் முன்பக்கம், அதாவது டிராக்டரைப் பார்க்கும் பக்கம், லோயர் லிங்க் பின்னுக்கு 12 மில்லிமீட்டர் தகட்டில் இரண்டிரண்டு காதுகள் (பின் நுழையும் துளையிட்ட தகடுகள்). பின் இரண்டு காதுகளுக்கும் நடுவில் உட்கார வேண்டும். ஒரே காதில் பின்னை நீட்டிவிட்டால் நாளாவட்டத்தில் வளையும்.

காதுகளைப் பட்டைக்கு எவ்வளவு நெருக்கமாக வைக்க முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வையுங்கள். இங்கே 10 சென்டிமீட்டர் கூடினால் பாரம் முழுவதும் 10 சென்டிமீட்டர் பின்னால் போகும். இரண்டாம் படியின் கணக்கில் 1.35-க்குப் பதில் 1.45 போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கீழ்ப் பின்னின் உயரம்: ஃபோர்க் தரையில் தட்டையாகக் கிடக்கும்போது, லோயர் லிங்க் அதன் கீழ் எல்லைக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். பின் இதைவிடத் தாழ்ந்திருந்தால் லிங்க் அதை எட்டாது, ஃபோர்க் பேலட்டுக்கு அடியில் நுழையும் அளவுக்கு இறங்காது.

மேல் பின் கீழ்ப் பின்னிலிருந்து 460 மில்லிமீட்டர் உயரத்தில் வரும். ஏர் கலப்பையில் டாப் லிங்க் பெரும்பாலும் தள்ளப்படும், இங்கே இழுக்கப்படும். பின்னால் தொங்கும் பாரம் முழுவதும் அந்த ஒரு பின்னைப் பிய்க்கப் பார்க்கும். அதனால் மேல் காதுகளிலிருந்து கீழ்ப் பட்டை வரை சாய்வாக இரண்டு தாங்கு பட்டிகள் கட்டாயம் வேண்டும்.

முதுகுச் சட்டம் ஒன்றையும் மறக்க வேண்டாம். 25 மில்லிமீட்டர் சதுரக் குழாயில், பாரத்தின் உயரத்துக்குச் செய்தால் போதும். லிஃப்ட் தூக்கும்போது ஃபோர்க் நுனி மேலே சாயும், கிரேட்கள் ஓட்டுநரின் முதுகை நோக்கிச் சரியும்.

6. வெல்டிங்

கேரேஜ் பட்டை சாதாரண ஆங்கிள் இரும்பு மாதிரி இல்லை, கார்பன் கூடுதலாக இருக்கும். 6013 என்ற சாதாரண வெல்டிங் ராடு வைத்து விறுவிறுவென்று இழுத்தால் வெல்டிங் பார்க்க அழகாக இருக்கும், ஓரத்தில் உள்ளுக்குள்ளேயே வெடித்திருக்கும். 7018 ராடு பயன்படுத்துங்கள். 3.15 மில்லிமீட்டர் ராடுக்கு 110 முதல் 130 ஆம்பியர், டிசி, ராடு பாசிட்டிவில்.

7018-க்குப் பெரிய எதிரி ஈரம், நம் ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லை. ஜூன் தொடங்கிவிட்டால் குன்னூர், ஊட்டிப் பட்டறைகளில் திறந்து வைத்த ராடு பாக்கெட் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஈரத்தின் ஹைட்ரஜன் வெல்டிங்குக்குள் போய், வேலை முடிந்து சில மணி நேரம் கழித்துக்கூட விரிசல் விடும். வெயிலில் காயவைப்பது போதாது. ராடு அவனில் 300 முதல் 350 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் சுட வேண்டும். அவன் இல்லையென்றால் அன்றைக்குத் தேவையானதற்குப் புதுப் பாக்கெட்டைப் பிரித்து, அன்றே முடித்துவிடுங்கள். மிச்சத்தைச் சின்ன கேட் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பட்டையை 150 முதல் 200 டிகிரி வரை கேஸ் சுடரால் சூடாக்கிய பிறகே ராடு வைக்க வேண்டும். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் இரும்பு ஐஸாகக் கிடக்கும். அந்த நேரத்தில் இதைத் தவிர்த்தால் வெல்டிங் சட்டென்று குளிர்ந்து கண்ணாடி மாதிரி இறுகிவிடும். முடிந்ததும் தண்ணீர் ஊற்றக் கூடாது. காய்ந்த சாம்பலிலோ மணலிலோ மூடி மெல்ல ஆறவிடுங்கள்.

மலைக் கிராமங்களில் மாலையில் மின்னழுத்தம் விழும். இன்வெர்ட்டர் செட் அணையாமல் ஓடினாலும், மீட்டர் காட்டும் ஆம்பியர் ராடுக்கு வராது, உருகல் ஆழமாகப் போகாது. காது, மேல் பின் வேலைகளை மதியத்துக்குள் முடித்துவிடுவது நல்லது.

வரிசை இதுதான்: எல்லாவற்றையும் புள்ளி வெல்டிங்கில் நிறுத்துங்கள். இரண்டு ஃபோர்க்கையும் மாட்டி, சுலபமாக நகர்கிறதா, நுனிகள் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். டிராக்டரில் மாட்டித் தூக்கி இறக்கியும் பாருங்கள். பிறகு கழற்றி, ஒரு பக்கம் கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி முழு வெல்டிங் போடுங்கள். ஒரே பக்கம் முடித்துவிட்டுத் திரும்பினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும், ஃபோர்க் பட்டையில் நகராது. முழு வெல்டிங் முடிந்த சட்டத்தை நிமிர்த்துவது புதுசாகச் செய்வதைவிடப் பெரிய வேலை.

7. டிராக்டரில் மாட்டுவது

சமதளத்தில் சட்டத்தை நிறுத்தி, பின்பக்கமாக வந்து, இன்ஜினை அணைத்த பிறகே லிங்க்குக்கு நடுவில் கை வையுங்கள். முதலில் இடது கீழ்ப் பின், அப்புறம் வலது, கடைசியில் டாப் லிங்க். உயரத்தைச் சரிசெய்யும் லெவலிங் பாக்ஸ் பெரும்பாலும் வலது லிங்க்கில் இருப்பதால் இந்த வரிசை சுலபம்.

டாப் லிங்க்கைத் திருகி, கீழே இறங்கிய நிலையில் ஃபோர்க் தட்டையாக, அல்லது நுனி ஒரு விரல் அளவு தாழ்ந்து இருக்குமாறு வையுங்கள். தூக்கியதும் நுனி சற்று மேலே சாய்ந்தால் சரி. திருகை ரொம்ப வெளியே எடுத்து நீளம் கூட்டாதீர்கள், இழுவை முழுவதும் அந்த மரைகளில்தான் நிற்கிறது. பின்னுக்குப் பதில் கிடைத்த போல்ட்டைப் போடுவதும், லின்ச் பின்னுக்கு (பின் கழலாமல் தடுக்கும் வளையம் வைத்த சிறு ஊசி) பதில் கம்பியை முறுக்கிவிடுவதும் இங்கே ஆகவே ஆகாது. மேல் பின் கழன்றால் பாரம் அப்படியே பின்னால் கவிழும்.

லோயர் லிங்க் பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் செக் செயினை இறுக்குங்கள். கலப்பைக்குக் கொஞ்சம் ஆட்டம் வேண்டும், ஃபோர்க்குக்கு வேண்டாம்.

புதியவர்கள் தவறவிடுவது லீவரை. டிராஃப்ட் கண்ட்ரோல் (கலப்பையின் இழுவைக்கு ஏற்பத் தானே ஏற்றி இறக்கும் அமைப்பு) உள்ள டிராக்டரில் அதை முழுக்க விலக்கிவைத்து, பொசிஷன் கண்ட்ரோல் லீவரால் மட்டும் தூக்க வேண்டும். டிராஃப்டில் விட்டால் டாப் லிங்க் மீது வரும் விசை மாறும்போதெல்லாம் பாரம் தானாக ஏறி இறங்கும். பல சிறிய டிராக்டர்களில் சீட்டுக்கு அடியில் இறங்கும் வேகத்தைக் குறைக்கும் குமிழ் இருக்கும். அதை மெதுவான பக்கம் திருப்பிவிடுங்கள்.

8. பாரம் ஏற்றிச் சோதனை

உர மூட்டைகளே போதும். யூரியா மூட்டை 45 கிலோ, மற்ற உரம் 50 என்பதைப் பார்த்து எண்ணுங்கள். முன்பக்க எடை மாட்டிய பிறகு, சமதளத்தில், வேலைப் பாரத்தைப் போல ஒன்றேகால் மடங்கு, அதாவது 200-க்கு 250 கிலோ, ஏற்றி 15 சென்டிமீட்டர் மட்டும் தூக்குங்கள். நுனிக்கு நேராக ஒரு குச்சியை நிறுத்திச் சாக்பீஸால் உயரத்தைக் குறியிட்டு, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். நுனி இறங்கியிருந்தால், லிங்க் பந்தும் கூடவே இறங்கியதா என்று பார்க்க வேண்டும். பந்தும் இறங்கினால் ஹைட்ராலிக் கசிகிறது. பந்து நின்ற இடத்திலேயே நின்று நுனி மட்டும் தாழ்ந்திருந்தால் சட்டம் வளைகிறது, வெல்டிங்கைப் பாருங்கள். அந்த நேரத்தில் யாரும் ஃபோர்க்குக்கு அடியில் கையோ காலோ நீட்டக் கூடாது.

முடிந்தால் வேலைப் பாரத்தோடு மறுபடியும் முன்சக்கரத்தை எடை மேடையில் ஏற்றுங்கள். நோட்டில் போட்ட கணக்கும் மேடை காட்டும் எண்ணும் கிட்டத்தட்ட ஒத்துப்போக வேண்டும்.

9. சரிவில் ஓட்டும் முறை

சமதளக் கணக்கை மலையில் அப்படியே நம்ப முடியாது. பத்து மீட்டர் தூரத்துக்கு ஒன்றரை மீட்டர் ஏறும் சரிவில் முகத்தை மேலே வைத்து ஏறினால், நம் உதாரண டிராக்டரின் முன்சக்கரத்திலிருந்து இன்னும் 100 கிலோ போல எடை பின்னால் நகர்ந்துவிடும். அரும்பாடுபட்டுச் சேர்த்த 200-இல் பாதி போச்சு.

அதனால் பாரம் எப்போதும் மேட்டுப் பக்கம் இருக்கட்டும். ஏறும்போது ரிவர்ஸில் ஏறுங்கள், இறங்கும்போது முன்பக்கமாக இறங்குங்கள். கழுத்து வலிக்கும் என்பார்கள். வலிக்கட்டும்.

இறங்கும் முன்பே தாழ்ந்த கியரைப் போட்டுவிடுங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடும் பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு, இந்த வேலையில் அது கூடவே கூடாது. இரண்டு பிரேக் பெடல்களையும் பூட்டுத் தகட்டால் சேர்த்துவிடுங்கள். ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி குறுக்கே திரும்பும். சரிவுக்குக் குறுக்கே பாரத்தோடு போகவே கூடாது.

பாரம் தரையிலிருந்து ஒரு முழத்துக்கு உள்ளேயே இருக்கட்டும். உயரம் கூடக் கூடக் கவிழ்வது சுலபம்.

லாரியில் ஏற்றலாம் என்று நினைத்து வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். பின் லிஃப்ட் அந்த உயரத்துக்குப் போகாது. கீழ்ப் பட்டியின் (படிபோல் வெட்டிய தோட்டத் தளம்) பாதையில் பிக்கப்பை நிறுத்தி, மேல் பட்டியிலிருந்து சரக்கை நகர்த்துவதுதான் நம் ஊருக்கு ஏற்ற வழி. ஆனால் கல் தடுப்புச் சுவர் எவ்வளவு உயரமோ, குறைந்தது அவ்வளவு தூரமாவது சக்கரம் விளிம்பிலிருந்து தள்ளி நிற்க வேண்டும். இடையில் உள்ள தூரத்துக்குப் பலகையோ சரிவு உருளையோ போட்டுக்கொள்ளலாம். அக்டோபர், நவம்பர் மழையில் ஊறிய பட்டி ஓரத்தில் டிராக்டரையே கொண்டுபோகாதீர்கள்.

பொதுச் சாலையில் போவதானால் ஃபோர்க்கைக் கழற்றிவிடுங்கள். பின்னால் ஒரு மீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு நுனி மூடுபனியில் பைக்காரர் கண்ணுக்குத் தெரியாது.

10. பராமரிப்பு

கேரட், எரு ஈரமெல்லாம் கொக்கிக்கும் பட்டைக்கும் நடுவில் தேங்கித் துருவாகும். மாதம் ஒருமுறை ஃபோர்க்கை நகர்த்தித் துடைத்து, கிரீஸ் தடவுங்கள். பூட்டுப் பின்னின் ஸ்பிரிங் துள்ளுகிறதா என்று தூக்கிவிட்டுப் பாருங்கள். காதுகளின் வெல்டிங் ஓரத்தில் பெயிண்ட் வெடித்து, அந்தக் கோட்டில் துரு கசிந்தால், பாரம் ஏற்றாமல் சட்டத்தைப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை ஃபோர்க்கின் வளைவில் சாயச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

வேலை முடிந்து நிறுத்தும்போது ஃபோர்க் தரையில் முழுக்க இறங்கியிருக்க வேண்டும், நுனிகள் சுவரைப் பார்த்து இருக்க வேண்டும்.